கேபினில் ஆள் இல்லை

ஜனவரி 9
வீடு

அன்புள்ள அண்ணாவுக்கு,

கையில் கரண்டி இருந்தால் முதலில் அதைக் கீழே வை. அடுப்பைச் சிறிதாக்கு. நான் சொல்லப்போகும் சேதியைப் படித்து உன் சூப் பொங்கி வழிந்தால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

துறைமுகத்தில் கிரேன் கேபின்களைக் காலி செய்கிறார்கள்! இனி யாரும் ஏணி ஏறி மேலே போய் உட்கார வேண்டாம். ஆபீஸ் கட்டடத்தில் ஒரு அறை. மேசை, மேசையில் இரண்டு லிவர், எதிரே வரிசையாகத் திரைகள். அங்கே உட்கார்ந்தபடியே கப்பலிலிருந்து பெட்டியைத் தூக்கி லாரியில் வைக்கலாம். அறை எங்கே இருக்கிறது தெரியுமா? தரைத்தளத்தில், அண்ணா! ஒரு படி கூடக் கிடையாது!

சைரன் நேற்று வீட்டுக்கே வந்து சொன்னார். எங்கள் ஃபோர்மேன்தான். நீ ஒருமுறை போனில் அவர் குரலைக் கேட்டுவிட்டு, "என்ன, கப்பல் கிளம்புதா?" என்று கேட்டாயே, அவர். "பழைய ஆளுங்க யார் வேணா டெஸ்டுக்கு வரலாம்மா. நீயும் பழைய ஆளுதானே?" என்றார். மூன்று வருஷமாக என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் 'பாவம்' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பழைய ஆள் என்று ஒருவர் சொன்னதும் எனக்குக் காது வரைக்கும் சிரிப்பு. அம்மா ஒன்றும் புரியாமல் அவருக்கு இன்னொரு காபி போட்டுக் கொடுத்தாள்.

அத்தனை உயரம் தினமும் ஏறி இறங்கியவள், வீட்டு வாசலில் மூன்று படியில் வழுக்கி விழுந்து கழுத்து நரம்பைக் கெடுத்துக்கொண்டேன். கேட்பவர்களிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கிரேனிலிருந்து விழுந்திருந்தாலாவது ஒரு கௌரவம் இருந்திருக்கும். போகட்டும். மார்புக்குக் கீழே எதுவும் என் பேச்சைக் கேட்பதில்லை, எனக்கு எதையும் சொல்வதுமில்லை. விரல்கள் மடங்காது. ஆனால் தோளும் மணிக்கட்டும் இன்னும் என் கட்சிதான். லிவரைத் தள்ளுவதற்கு மணிக்கட்டு போதும். கரண்டியை டம்ளரில் நிறுத்தித் தள்ளிப் பார்த்தேன். டம்ளர் உருண்டு அம்மா கத்தினாள். லிவர் உருளாது.

ஒரே ஒரு வருத்தம். கப்பலின் கடைசிப் பெட்டி முடிந்ததும், பெட்டியைக் கவ்வும் சட்டத்தை இரண்டு தரம் தாழ்த்தி உயர்த்தி நாங்கள் கப்பலுக்கு வணக்கம் வைப்போமே, நினைவிருக்கிறதா? அறையிலிருந்து வைத்தால் யார் வைத்தார்கள் என்று கப்பலில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கேபினில்தான் ஆள் இல்லையே.

டெஸ்ட் அடுத்த மாதம். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது என்று கிண்டல் செய்யாதே. உள்ளங்கையில் பட்டை கட்டி, அதில் பேனாவைச் செருகி நானே எழுதியது. இன்னொன்று: "பார்த்து, மெதுவா" என்று எழுதாதே. நான் நடக்கப் பழகிய நாளிலிருந்து நீ சொல்லும் ஒரே மந்திரம் அது.

சின்ன வயதில் உன் சட்டையைப் பிடித்துத் தொங்கிய
கொக்கி


ஜனவரி 30
கப்பல் சமையலறை

அன்புக் கொக்கிக்கு,

உன் கடிதத்தை ஏஜென்ட் ஆபீஸ்காரர் மீன் பெட்டிகளோடு சேர்த்து ஏற்றிவிட்டிருந்தார். படிக்கப் படிக்க மீன் வாசம். நீ சொன்னபடி அடுப்பைச் சிறிதாக்கத்தான் நினைத்தேன். அதற்குள் கேப்டனின் முட்டை கருகிவிட்டது. நல்ல மனுஷர், கருகினதையும் சாப்பிட்டுவிட்டு "இன்னிக்கி என்ன புது மாதிரி?" என்று மட்டும் கேட்டார்.

உன் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷம்தான். கையெழுத்தும் தேறியிருக்கிறது, கோழி இப்போது கொஞ்சம் நிதானமாகக் கிளறுகிறது. போனில் பேசினால் நீயும் அம்மாவும் மாறி மாறிப் பிடுங்கிப் பேசி எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. கடிதம்தான் நமக்குச் சரி.

ஆனால் ஒரு விஷயம். எங்கள் வீட்டுக் கீழ் அறை முடிந்துவிட்டது. உன் நாற்காலி தாராளமாக நுழையும்படி கதவை அகலப்படுத்தியிருக்கிறோம். வாசலில் சரிவு போட்டாயிற்று. அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து, ஜன்னலை உன் கண் மட்டத்துக்கு இறக்கச் சொன்னாள். ஜூனில் என் ஒப்பந்தம் முடிகிறது. அதோடு கடலுக்கு ஒரு பெரிய கும்பிடு. கேப்டன் அடுத்துப் போகும் கப்பலுக்கு என்னைத் தலைமைச் சமையல்காரனாகக் கூப்பிடுகிறார். பயணிகள் கப்பல், அடுப்பு மட்டும் ஒரு கூடம் நீளம். எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். நீயும் அம்மாவும் எங்களோடு வந்துவிடுங்கள். நீ ராணி மாதிரி உட்கார்ந்திரு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அந்த இரும்பு உனக்கு எதற்கு? ஒரு பெட்டி தவறினால் கீழே ஆள் இருக்கும். நான் கப்பலிலேயே பிழைப்பவன், அந்தப் பெட்டிகள் தலைக்கு மேலே போகும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். யோசித்துச் செய்.

பார்த்து, மெதுவா. எழுதிவிட்டேன், என்ன செய்வாய்?

அண்ணன்


பிப்ரவரி 21
வீடு

அண்ணா,

தோற்றுவிட்டேன்! ஆனால் எப்படித் தோற்றேன் என்று கேள். நீ சிரித்து முடிக்க ஒரு வாரம் ஆகும்.

அறைக்குள் போனதும் மற்றவர்களைப் பார்த்தேன். எல்லாரும் என் பழைய கூட்டாளிகள், கண்ணைக் கட்டிவிட்டாலும் பெட்டி தூக்குபவர்கள். அவர்களுக்கு வியர்த்துக் கொட்டுகிறது! காரணம் நாற்காலி. மேலே கேபினில் பெட்டி ஆடினால் சீட்டும் ஆடும். இடுப்புதான் முதலில் சொல்லும், கை தானாகத் திருத்தும். கீழே அறையில் நாற்காலி கல் மாதிரி நிற்கிறது. திரையில் பெட்டி ஆடிக்கொண்டே இருக்கிறது, இவர்கள் இடுப்பு சேதி சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்கள். அது சொன்னால்தானே!

எனக்கு? என் இடுப்பு என்னோடு பேசி மூன்று வருஷம் ஆகிறது. சாய்ந்திருக்கிறேனா நேராக இருக்கிறேனா என்பதையே எதிரே அலமாரி விளிம்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். கண்ணால் பார்த்துக் கையால் சமாளிப்பதுதான் எனக்கு எழுந்ததிலிருந்து படுப்பது வரை வேலை. பெட்டி லேசாகச் சாய்ந்ததுமே மணிக்கட்டு லிவரைத் தள்ளிவிட்டது. சைரன் எனக்குப் பின்னால் வந்து நின்று சத்தமே போடவில்லை. அவர் சத்தம் போடாமல் நின்று யாரும் பார்த்ததில்லை.

எல்லாம் அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி. லாரிக்கு ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. அப்போது என் வலது கால் துள்ளியது. உனக்குத்தான் தெரியுமே, அவ்வப்போது அது தன் இஷ்டத்துக்கு வெட்டி இழுக்கும். முழங்கால் மேசைக்கு அடியில் போய் 'டம்' என்று இடித்தது. அங்கே என்ன இருந்தது தெரியுமா? அவசரத்துக்கு எல்லாவற்றையும் நிறுத்தும் சிவப்பு பட்டன். கிரேன் நின்றது. மணி அலறியது. மூன்று வருஷமாக ஒரு துரும்பைக் கூட நகர்த்தாத கால், அன்றைக்குப் பார்த்து வேலைக்கு வந்துவிட்டது!

"டெஸ்டு டெஸ்டுதாம்மா, நின்னா நின்னதுதான்" என்றார் மேனேஜர். நியாயம்தான். ஆனால் எல்லாருக்கும் ஏப்ரலில் இன்னொரு வாய்ப்பு உண்டு. காலைக் கட்டிப்போட ஒரு பட்டை அம்மா தைத்துக்கொண்டிருக்கிறாள். பட்டனை மேசைக்கு மேலே கொண்டுவரும்படி நான் மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன். யார் முழங்காலும் இடிக்கக் கூடாதில்லையா?

அண்ணிக்கு என் முத்தம். ஜன்னலை இறக்கியது அவர்களுக்குத்தான் தோன்றும். ஆனால் அண்ணா, அந்தக் கேப்டனுக்கு வேண்டாம் என்று சொல்லாதே. உனக்கு ஆசை இருக்கிறது என்று நீயே எழுதிவிட்டாய். நான் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கப் பிறந்தவள் இல்லை. உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்றால் லிவருக்கு முன்னால் உட்காருகிறேன்.

தோற்றும் கொழுப்பு குறையாத
கொக்கி


மார்ச் 8
கப்பல்

அன்புக் கொக்கிக்கு,

சிரித்தேன். சிரித்துவிட்டு வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அந்தப் பெட்டி ஒரு சாண் உயரத்தில் நின்றது. பத்து ஆள் உயரத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போது கால் துள்ளியிருந்தால்? நீ இதை யோசிக்க மாட்டாய், அதனால் உனக்கும் சேர்த்து நானே யோசிக்கிறேன்.

முயற்சி செய்தாய், எல்லாரும் பார்த்தார்கள், அதுவே பெரிது. துறைமுகத்திலேயே இருக்க வேண்டும் என்றால் வேறு வேலை இல்லையா? கேட்டுக்குப் பக்கத்தில் லாரிக்காரர்களுக்கு பாஸ் கொடுக்கும் ஜன்னல் இருக்கிறது. நிழலான இடம், நாலு பேர் வந்து பேசுவார்கள். அப்படி ஏதாவது தானாக வந்தால் வேண்டாம் என்று சொல்லாதே. ஜூன் வரைக்கும் பொழுது போகும். பிறகுதான் நான் வந்துவிடுவேனே.

கால் பட்டையை அம்மாவை இரட்டைத் தையல் போடச் சொல்.

அண்ணன்


மார்ச் 24
வீடு

அண்ணா,

'தானாக வந்தால்' என்று எழுதினாயே. தானாக வந்தது! நேற்று சைரன் வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை, குரலும் எழும்பவில்லை. "பாஸ் ஜன்னல்ல ஒரு இடம் இருக்கும்மா. மேனேஜர் கேக்கச் சொன்னாரு" என்றார். மேனேஜரிடம் யார் கேட்டார்கள் என்றேன். அவருக்குப் பொய் சொல்லவே வராது. "உங்கண்ணன் போன் பண்ணாரு. தங்கச்சிக்கு லேசா ஒரு வேலை பாத்துக் குடுங்க, கிரேன் மட்டும் வேண்டாம்னாரு" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் பேனாவைச் செருகக் கூட முடியவில்லை. அம்மாதான் பட்டையைக் கட்டிவிட்டாள்.

என்னைத் தூக்கிக் கட்டிலில் கிடத்த ஆள் வேண்டும். சட்டை மாட்ட ஆள் வேண்டும். அதற்கெல்லாம் நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை, சந்தோஷமாகவே கேட்பேன். ஆனால் என்ன வேலை செய்ய வேண்டும் என்று எனக்குப் பதிலாகச் சொல்ல நான் யாரையும் கேட்கவில்லை. கீழே ஆள் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஒன்பது வருஷம் அந்த ஆள்களின் தலைக்கு மேலேதான் வேலை பார்த்தேன். ஒருவர் தொப்பி கூடக் கீழே விழுந்ததில்லை. கால் துள்ளினால் கிரேன் நிற்கும், நின்றதைத்தான் படித்தாயே. அதற்கும் வழி தேடியாயிற்று. மேனேஜர் அந்தப் பட்டனை மேசைக்கு மேலே ஏற்றிவிட்டார். கேட்டது நான், போன தடவையே எழுதினேனே.

நீ பயப்படு. அண்ணன் பயப்படாமல் யார் பயப்படுவது? ஆனால் பயத்தை என்னிடம் சொல். எனக்குத் தெரியாமல் என் ஃபோர்மேனிடம் சொல்லாதே. பாஸ் ஜன்னல் நல்ல வேலைதான், அதில் ஆசை உள்ளவர்கள் செய்யட்டும். எனக்கு ஆசை உயரத்தில் இருக்கிறது, உடம்பு தரையில் இருந்தாலும்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்காமல் வேலை எப்படிப் போகிறது என்று உன்னால் எப்போது கேட்க முடியுமோ, அப்போது எழுது. அதுவரை நானும் எழுத மாட்டேன்.

தங்கை


ஏப்ரல் 19
வீடு

அண்ணா!

எழுத மாட்டேன் என்று சொன்னவள் எழுதுகிறேன். ரோஷமெல்லாம் அப்புறம். இதைச் சொல்லாமல் என்னால் சாப்பிட முடியவில்லை.

தேறிவிட்டேன்!

சரியான காற்று அன்றைக்கு. மேனேஜர் தள்ளிவைக்கலாமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். காற்று என்ன, என் டெஸ்ட் முடிந்த பிறகு நின்றுவிடப் போகிறதா? காலைப் பட்டையால் கட்டி, மணிக்கட்டை லிவரோடு கட்டி, முதல் பெட்டியைக் கவ்வினேன். அது ஆடத் தொடங்கியது. தரையில் அதன் நிழல் போய் வந்தது. நிழலைப் பிடித்துக்கொண்டேன் அண்ணா! பெட்டியை விட நிழல்தான் நன்றாகச் சொல்கிறது. அது போகும் பக்கத்துக்கே கிரேனையும் கொஞ்சம் விட்டால் ஆட்டம் அப்படியே அடங்கிவிடுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று இறக்கிக்கொண்டே போனேன். நடுவில் கால் துள்ளிப் பார்த்தது. பட்டை விடவில்லை. "உக்காரு" என்று அதற்கு ஒரு அதட்டல் போட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனேன்.

முடிந்ததும் சைரன் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் இருந்தவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று வெளியே ஓடினார்கள். அதன்பிறகு என் கூட்டாளிகள் வரிசையாக வந்து என்னிடம் கேட்டார்கள்: "எதப் பாத்து ஓட்ற?" நாளையிலிருந்து அவர்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து நிழல் பார்க்கப் பழகப் போகிறார்கள்.

மே முதல் எனக்குக் காலை ஷிப்ட். அம்மா புதுச் சாப்பாட்டு டப்பா வாங்கியிருக்கிறாள், அதில் சாப்பாடு இருக்கும் நேரத்தை விட அவள் அதைத் துடைக்கும் நேரம்தான் அதிகம். எனக்கு இத்தோடு நிற்கிற உத்தேசம் இல்லை. அடுத்து இரண்டு கிரேனை ஒரே மேசையிலிருந்து ஓட்டும் திட்டம் வருகிறதாம். அதற்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.

நீ பதில் எழுதவில்லை. போன கடிதம் கிடைத்ததா, கிடைத்தும் எழுதவில்லையா, தெரியாது. கோபம் இருந்தால் இருக்கட்டும், நானும் கொஞ்சம் வைத்திருக்கிறேன். ஆனால் ஜெயித்த அன்று முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதை மாற்ற முடியவில்லை.

கொக்கி


மே 27
கப்பல் சமையலறை

அன்புக் கொக்கிக்கு,

வேலை எப்படிப் போகிறது?

கேட்டுவிட்டேன். கேட்காமலே பதிலும் தெரிந்துகொண்டேன். இருந்தாலும் நீ போட்ட நிபந்தனை, அதனால் முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன்.

எங்கள் கப்பல் நடுவில் பாதை மாறியதால் உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில், ஏஜென்ட் ஆபீஸ் அனுப்பிய ஒரே உறையில் வந்து சேர்ந்தன. கோபக் கடிதத்தை முதலில் படித்தேன். தேறிய கடிதத்தைப் பிறகு படித்தேன். அன்றைக்கு ரொட்டி மாவில் உப்பு போட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. நான் போன் செய்தது தப்பு. உன்னிடம் சொல்ல வேண்டிய பயத்தை அவரிடம் சொன்னேன். இனி உன்னிடமே சொல்கிறேன், நீயும் திட்டு. மன்னிப்பை அடுத்த துறைமுகத்தில் எழுதி அனுப்பலாம் என்று இருந்தேன். அதற்குள் கேப்டன் வந்து அடுத்த துறைமுகம் எது என்று சொன்னார். உன்னுடையது!

கப்பலைக் கரையில் கட்டியதும் கேப்டனிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். பெட்டிகளை இறக்கி முடிக்கும்வரைதான் அனுமதி. உனக்குப் பிடித்த முட்டை ரொட்டியை டப்பாவில் எடுத்துக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கு ஓடி வந்தேன். காவலாளி உள்ளே விடவில்லை. போன் போட்டுக் கேட்டுவிட்டு, "அவங்க வேலைல இருக்காங்க. காத்திருக்கச் சொன்னாங்க" என்றார்.

கொக்கி, ஆஸ்பத்திரி வராந்தாவில் உனக்காக எத்தனையோ நாள் காத்திருந்திருக்கிறேன். டாக்டர் வருவார், மருந்து வரும், நீ கண் திறப்பாய் என்று. நீ வேலையாக இருக்கிறாய் என்பதற்காகக் காத்திருந்தது இதுதான் முதல் தடவை. எனக்கு அந்த வாசல் பெஞ்சில் உட்காரவே முடியவில்லை. போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "உள்ள கிரேன் ஓட்றது என் தங்கச்சி" என்று சொன்னேன். காவலாளியிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டேன் போல. "தெரியும் சார்" என்றார்.

அங்கிருந்து எங்கள் கப்பலுக்கு மேலே நின்ற உன் கிரேன் நன்றாகத் தெரிந்தது. மேலே கேபின் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. பெட்டிகள் மட்டும் எழும்பி, திரும்பி, இறங்கிக்கொண்டே இருந்தன. என்ன வேகம்! பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு அப்புறம்தான் ஒன்று உறைத்தது. நீ என்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் அவசரமாக முடிக்கிறாய். நீ முடித்தால் கப்பல் கிளம்பிவிடும். கப்பல் கிளம்பினால் நான் எங்கே இருப்பேன்? நீ கெட்டிக்காரிதான், ஆனால் அந்த அவசரத்தில் இது உனக்குத் தோன்றவே இல்லை!

அதற்குள் காவலாளி போனை என்னிடம் நீட்டினார். "மேடம் லைன்ல இருக்காங்க சார், ஒரே ஒரு நிமிஷம்." உன் குரல். "அண்ணா, இன்னும் கொஞ்சம்தான், சீக்கிரம் முடிச்சிட்டு வந்துர்றேன்!" அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் என்ன சொல்ல? அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் நின்றது. உன் வாழ்க்கை முழுக்க நான் சொன்ன வார்த்தை. இந்த ஒரு தரம் சொல்லியிருந்தால் எனக்குத்தான் லாபம். நீ மெதுவாகத் தூக்கியிருப்பாய், ஷிப்ட் முடிந்து வெளியே வந்திருப்பாய், உன்னைப் பார்த்திருப்பேன்.

நான் சொல்லவில்லை. "நீ நடத்து" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

டப்பாவைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். நான் மேல்தளத்துக்கு வந்தபோது கடைசிப் பெட்டி லாரியில் இறங்கிக்கொண்டிருந்தது. கேப்டன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சீக்கிரமாவா! யாருய்யா கிரேன்ல?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மாலுமி மேலே பார்த்துவிட்டு, "கேபின்ல ஆள் இல்ல சார்" என்றான்.

அப்போது பெட்டியைக் கவ்வும் அந்தச் சட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. ஒரு தரம் தாழ்ந்து எழுந்தது. இன்னொரு தரம் தாழ்ந்து எழுந்தது. ஏதோ கோளாறு என்று மாலுமி சொன்னான். நான் ஏப்ரனைக் கழற்றித் தலைக்கு மேலே வீசினேன். உன் திரையில் தெரிந்ததா? தெரிந்திருந்தால் தொப்பை போட்டுவிட்டது என்று எழுதுவாய், எழுது.

கேப்டனிடம் யார் என்று சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன், மனுஷர் கண்டுகொள்ளாமல் கடலைப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து, "அப்போ அந்தப் பெரிய அடுப்பு?" என்று கேட்டார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணியிடம் போனில் கேட்டேன். "இதக் கேக்க இத்தன நாளா?" என்றாள்.

கீழ் அறை அப்படியேதான் இருக்கும். அகலக் கதவு, சரிவு, உன் கண் மட்டத்தில் ஜன்னல், எல்லாம் இருக்கிறது. லீவு கிடைத்தால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நாலு நாள் தங்கிவிட்டுப் போ. நீ வரும் நாளை முன்னாலேயே சொல், நானும் லீவு போட வேண்டும்.

முட்டை ரொட்டி ஆறுவதற்குள் சாப்பிட்டாயா?

கிரேன்காரியின் அண்ணன்